கம்பிக்கு இந்தப் பக்கம்

நமது புதுக்கவிதையில் மலிவாகிப்போன சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் 'சிறை' முதல் ஐந்துக்குள் வரும். உடல் சிறை, வீடு சிறை, மொழி சிறை, காலம் சிறை, கடைசியில் கவிஞனின் 'நான்' என்பதும் சிறை. இந்தச் சிறைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு லட்சணம் உண்டு. அவற்றுக்கு வாசல் கிடையாது. வாசலில் காவலர் இல்லை, பார்வையாளர் நாள் இல்லை, யாரும் யாரையும் தேடி பஸ் பிடித்து வருவதில்லை. கவிஞன் உள்ளே தனியாக இருந்து தன் தனிமையைத் தானே ரசித்துக்கொண்டிருக்கிறான். படிமம் என்ற அளவில்கூட இது பழுதானது என்பது என் அபிப்பிராயம். ஒருவன் உள்ளே போகும்போது இன்னொருவர் வெளியே நிறுத்தப்படுகிறார். அந்த இன்னொருவரை விட்டுவிட்டுச் சிறையை எழுதுவது ஒரு கரையை மட்டும் வரைந்து ஆறு என்று பெயர் வைப்பதற்குச் சமம்.

இந்தக் குறை புதுக்கவிதையோடு தோன்றியதும் அல்ல. தமிழில் சிறை எழுத்துக்குப் பஞ்சமில்லை. 1908-ல் தண்டிக்கப்பட்டுக் கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் அடைபட்டிருந்த வ.உ.சி. அந்த அனுபவத்தைச் சுயசரிதையில் அகவலாக எழுதினார். ராஜாஜி 1921 டிசம்பரிலிருந்து 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு வைத்தார். தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டுப் பல ஆண்டுகள் உள்ளே கழித்த தியாகு 'சுவருக்குள் சித்திரங்கள்' எழுதினார். தன்னை விட்டுச் சக கைதிகளின் முகங்களைப் பார்த்தது அந்த நூலின் பலம். ஆனால் இவை எல்லாவற்றிலும் பேனா உள்ளே இருந்தவரின் கையில் இருக்கிறது. வெளியே இருப்பவர் கடிதம் பெறுகிறவராக, கண்ணீரோடு வந்துபோகிறவராக, ஓரத்தில் நிற்கிறார். வ.உ.சி.யைப் பார்ப்பதற்காகப் பரலி சு. நெல்லையப்பர் கோவைக்கு வந்து தங்கினார். சுயசரிதை எழுதும்படி கேட்டுக்கொண்டவரும் அவரே. சிறை இருக்கும் ஊரில் ஓர் இடம் பிடித்து, அடுத்த அனுமதி நாளை எண்ணிக்கொண்டு ஒரு மனிதர் கழித்த நாட்கள் எந்த இலக்கிய வகையில் சேரும்? அதற்கு நம்மிடம் ஒரு பெயர்கூட இல்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கம் முன்பு தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. எங்கள் ஜில்லாச் சிறை கடலூர். 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதான பாரதி கொண்டுபோய் வைக்கப்பட்டது அங்கேதான். நவம்பர் 28 அன்று அங்கிருந்து கவர்னர் பென்ட்லண்டுக்கு அவர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். அரசியலைத் துறந்துவிட்டதாக அதில் உறுதி கூறினார். டிசம்பர் 14 அன்று நிபந்தனைகளோடு விடுதலையானார். பாரதி பக்தர்கள் இந்தக் கடிதத்தைச் சங்கடத்தோடு தாண்டிப்போகிறார்கள். பாரதியைப் பிடிக்காதவர்கள் இதைக் கையில் எடுத்து ஆட்டுகிறார்கள். இரு தரப்பினரும் இதை ஒரு நடத்தைச் சான்றிதழாக மட்டுமே படிக்கிறார்கள். ஒரு எழுத்து வடிவமாகப் படித்தால் வேறு விஷயம் தெரியவரும். தமிழின் பெரிய கவிஞன் ஜில்லாச் சிறைக்குள் தள்ளப்பட்டதும் அவன் கைக்கு முதலில் வந்தது பாட்டு வடிவம் அல்ல, மனு வடிவம். சிறை தனக்கு உள்ளே வருகிற எவரையும் முதலில் மனுதாரராக மாற்றுகிறது. பாரதிக்கு ஆங்கிலம் இருந்தது. வெளியே ரங்கசாமி ஐயங்கார், அன்னி பெசண்ட், சி.பி. ராமசாமி ஐயர் என்று முயற்சி எடுக்க ஆட்கள் இருந்தார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த மூன்றும் இல்லாதவன் என்ன ஆவான் என்பதுதான் என் கேள்வி.

'மனு' என்ற சொல்லோடு கொஞ்சம் நிற்கவேண்டும். தமிழ்நாட்டுச் சிறை வாசல்களில், கைதியைப் பார்க்கப் போவதற்கே 'மனு' என்றுதான் பெயர். மனு பார்க்கப் போகிறோம் என்பார்கள். போன வாரம் மனு கிடைக்கவில்லை என்பார்கள். பார்ப்பதற்காக எழுதிக் கொடுக்கும் காகிதம், பார்ப்பதையே விழுங்கிவிட்டு அதன் பெயரை எடுத்துக்கொண்டது. எல்லை தாண்டி ஆந்திரத்துக்குள் போனால் இதற்கு 'முலாகத்' என்று பெயர். அரபியில் தொடங்கி உருது வழியாக வந்த சொல். சந்திப்பு என்பது பொருள். அங்கே காகிதமும் காவலும் குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஒரு மொழி அந்தக் கூண்டின் முன்னால் நடப்பதை விண்ணப்பமாகவும், இன்னொரு மொழி சந்திப்பாகவும் கண்டிருக்கிறது. விமர்சகன் கவனிக்கவேண்டிய வித்தியாசம் இது.

இந்த வித்தியாசம் எனக்கு அகராதியிலிருந்து கிடைக்கவில்லை. நான் இருப்பது மூங்கில்துறைப்பட்டில். தென்பெண்ணைக் கரை, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, சங்கராபுரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை. தென்மேற்கே கல்வராயன் மலை. ஜாகீர்தார்கள் பிடியிலிருந்து 1976-ல்தான் அந்த மலை முழுசாக விடுபட்டது. அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர், பேசுவது தமிழ். மழை பொய்த்த பருவங்களில் அவர்கள் கூலிக்குக் கீழே இறங்குகிறார்கள். கரும்பு வெட்ட வருகிறவர்கள் உண்டு, கேரளத்துக்கு மிளகுத் தோட்டம் போகிறவர்கள் உண்டு. ஒரு மேஸ்திரி முன்பணம் கொடுத்து, எங்கே என்று சொல்லாமல் வண்டியில் ஏற்றிப் போகிறவர்களும் உண்டு. அந்த வண்டி சில சமயம் சேஷாசலம் காடுகளில் போய் நிற்கும். செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் அந்தத் தென்பகுதியில்தான். 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் ஆந்திரப் போலீஸார் 20 பேரைச் சுட்டுக் கொன்றபோது தமிழ்நாடு சில வாரங்கள் விழித்துப் பார்த்தது. இறந்தவர்கள் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் என்று நம் பக்கத்து ஜில்லாக்காரர்கள். சுடப்படாமல் பிடிபட்டவர்களைப் பற்றிச் செய்தி வருவது குறைவு. கடப்பை, நெல்லூர், சித்தூர், ராஜமுந்திரி என்று அவர்கள் சிறைகளுக்குள் போய்விடுகிறார்கள். எனக்குத் தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் என்ற ஒரே காரணத்தால் மலையிலிருந்து சிலர் என்னிடம் வந்தார்கள். அப்படித்தான் எனக்கு இதில் பரிச்சயம்.

தேடுவது முதல் காரியம். தேடுவதற்குப் பெயர் வேண்டும். இங்கேயே இடறல் தொடங்குகிறது. கணவன் பெயரைச் சொல்லிப் பழகாதவள் ஒருத்தி ரேஷன் கார்டை நீட்டுகிறாள். கார்டில் ஒரு எழுத்து, வாக்காளர் அட்டையில் வேறு எழுத்து. பிடித்த இடத்தில் எழுதிக்கொண்டவர் தெலுங்கர். அவர் மொழியில் ஒருவனுக்கு வீட்டுப் பெயர் முன்னால் வரவேண்டும். இவனுக்கு வீட்டுப் பெயர் ஏது? ஊர்ப் பெயரை அந்த இடத்தில் போட்டுவிடுகிறார், அல்லது அப்பன் பெயரை. ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கும் மலையில் இது சின்ன விஷயமல்ல. கைதானவனின் உறவினருக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்சநீதிமன்றம் விதித்தது. கைதானவர்களின் பெயர்களை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் பலகையில் வெளியிடவேண்டும் என்று 2010 முதல் சட்டம் சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவனுக்கு 1987-ம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. இப்போது சிறைகளின் தேசியத் தகவல் தளத்தில் பெயர் கொடுத்துச் சந்திப்புக்குப் பதிவுசெய்யலாம். அதற்கு இ-முலாகத் என்று பெயர். எல்லாம் சரிதான். எல்லாமே பெயரைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கு, பலகையின் மொழியைப் படிக்கத் தெரிந்தவருக்கு. மலையில் இருப்பவளுக்குத் தகவல் வருகிற விதம் வேறு. அதே வண்டியில் போய்த் தப்பி வந்த ஒருவன், பத்து நாள் பயந்து ஒளிந்திருந்துவிட்டு, ஒரு ராத்திரி வந்து சொல்கிறான். அவனும் பார்த்ததைச் சொல்வதில்லை. ஓடும்போது காதில் விழுந்ததைச் சொல்கிறான்.

பார்ப்பது இரண்டாவது காரியம். திருவண்ணாமலை போய், வேலூர் போய், சித்தூர் போய், அங்கிருந்து இன்னும் மேலே. போக 200 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு நாள் கூலி போகும், பஸ் செலவு கடனாகும். போய்ச் சேர்ந்தால் வலைக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர், இந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே சமயத்தில் கத்துகிறார்கள். சில நிமிஷங்களில் கையை ஆட்டி முடித்துவிடுகிறார்கள். நம் கதைகளில் வரும் சிறைச் சந்திப்புகளில் கண்கள் பேசிக்கொள்ளும், மௌனம் கனக்கும். நேரில் மௌனத்துக்கு அங்கே இடமில்லை. கேட்டதெல்லாம் போர்வை வந்ததா, வக்கீல் வந்தாரா, வாய்தா என்றைக்கு என்பவைதான். 'மரத்தை வெட்டினாயா' என்று எந்த மனைவியும் கேட்டு நான் கேட்டதில்லை. அது கோர்ட்டின் கேள்வி. நம் சிறை இலக்கியம் முழுக்க அரசியல் கைதியின் இலக்கியம். அதில் உள்ளே இருப்பவனுக்குத் தன் குற்றமே பெருமை. மாலை காத்திருக்கிறது, தியாகி என்ற சொல் காத்திருக்கிறது. கோடரியோடு பிடிபட்ட கூலிக்காரனுக்குக் கொள்கை இல்லை, மாலை இல்லை. அவனைத் தேடி வருகிறவளுக்கும் சொல்லிக்கொள்ள ஒரு பெருமை இல்லை. இந்த இருவரையும் தாங்குவதற்கு நம் எழுத்தில் வடிவமே உருவாகவில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது கடிதம். இதைப் பற்றித்தான் கொஞ்சம் நெருக்கமாகப் பேச விரும்புகிறேன்.

'நலம், நலமறிய அவா' என்ற வரியை நாம் எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். செத்த சொல், சம்பிரதாயம், அனுபவம் இல்லாத மொழி என்று நம் வட்டத்தில் இதற்கு மரியாதை இல்லை. ஓர் இளம் எழுத்தாளன் கதையைக் கொண்டுவந்தால் நாம் முதலில் அடிக்கிற வரி இப்படிப்பட்டதாகத்தான் இருக்கும். சிறைக்குப் போகிற கடிதத்தில் இந்த வரி என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். அந்தக் கடிதத்தைச் சொல்பவள் ஒருத்தி, எழுதுபவன் வேறொருவன். உள்ளே அதைத் தணிக்கை செய்கிற அதிகாரி படிப்பார், அல்லது தமிழ் தெரிந்த யாரையாவது படிக்கச் சொல்வார். கைக்கு வந்தபின் எழுத்தறியாத அவனுக்கு அறையில் இருக்கும் இன்னொரு கைதி வாசித்துக் காட்டுவான். ஆக, இரண்டு பேருக்கு நடுவே மூன்று நான்கு அந்நியர்கள். அந்தரங்கம் என்று நாம் சொல்வது எதையும் இதில் வைக்க முடியாது. வைக்கக்கூடிய ஒரே இடம் அந்தச் சம்பிரதாய வரிதான். ஏனென்றால் அதை அந்நியர்கள் யாரும் கவனித்துப் படிப்பதில்லை. 'நலம்' என்ற சொல்லைத் தொடர்ந்து பெயர்கள் வரும். அம்மா நலம், தம்பி நலம், பெரியவள் நலம், சின்னவன் நலம். எந்தப் பெயர் முதலில், எது கடைசியில், எது வரவில்லை என்று உள்ளே இருப்பவன் எண்ணிக் கேட்கிறான். கடிதத்தின் விஷயம் அந்த வரிசையில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணுக்காக எழுதிய கடிதம் இது. மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது, கூரை மாற்றியது எல்லாம் சொல்லி முடித்தாள். 'யார் யார் நலம் என்று போடட்டும்மா' என்று கேட்டேன். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அவனை வளர்த்தது அவன் பெரியம்மா. அவள் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெயரைச் சேர்த்தால் பொய். விட்டுவிட்டால், வேறொருவன் வாய் வழியாக, வலைக்கும் பூட்டுக்கும் உள்ளே வைத்து அவனிடம் சாவைச் சொன்னதாகும். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னாள்: "பேரெல்லாம் வாணாம் சார். வூட்ல எல்லாரும் நல்லா இருக்கோம்னு மட்டும் போடுங்க." அப்படியே எழுதினேன்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. இன்னொரு கைதியின் கையெழுத்து. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் கேட்டிருந்தான். ஆடு, பக்கத்து வீட்டுக் கிழவர் வரைக்கும். பெரியம்மாவை மட்டும் கேட்கவில்லை. நான் வாசித்து முடித்ததும் அவள் இன்னொரு முறை அந்த இடத்தை மட்டும் வாசிக்கச் சொன்னாள்.

இது ஒரு சோகக் கதைக்காகச் சொன்னதல்ல. எழுதத் தெரியாத இரண்டு பேர், தங்களுக்குச் சொந்தமில்லாத கையெழுத்திலும், தணிக்கையின் கண்ணுக்கு முன்னாலும், செத்துவிட்டதாக நாம் தீர்மானித்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மரணத்தைச் சொல்லவும் பெற்றுக்கொள்ளவும் செய்திருக்கிறார்கள். சொல்லாமல் விடுவதன் வலிமையைப் பற்றி நாம் எத்தனை இதழ்களில் விவாதித்திருக்கிறோம்! அந்த விவாதங்களில் சொல்லாமல் விடுவது ஒரு அழகியல் விருப்பம். இங்கே அதற்கு வேறு வழியே இல்லாத ஒரு நெருக்கடி இருந்தது. அதனால்தான் பட்டியல் அங்கே அத்தனை துல்லியமாக வேலை செய்தது.

வெளியே நிற்பவரின் இலக்கியம் உலகில் இல்லாமலில்லை. மகன் 1938-ல் கைதானபின் அன்னா அக்மதோவா லெனின்கிராட் சிறை வாசலில் பதினேழு மாதம் வரிசையில் நின்றார். அந்த வரிசைகளில் நின்ற பெண்களுக்குத் தங்கள் ஆள் இன்னும் அங்கே இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது: கொண்டுவந்த பொட்டலத்தை ஜன்னலில் வாங்கிக்கொண்டால் இருக்கிறான். 'ரெக்வியம்' அந்த வரிசையிலிருந்து பிறந்தது. காகிதத்தில் வைக்கப் பயந்து நெருங்கிய சிலரின் ஞாபகத்தில் பல வருஷம் பாதுகாக்கப்பட்டு, 1963-ல் மூனிக்கில் அச்சாகி, சோவியத் மண்ணில் 1987-ல்தான் வெளிவந்தது. கிராம்ஷியின் சிறைக் கடிதங்களை நம்மில் பலர் மேற்கோள் காட்டுகிறோம். அவற்றில் பெரும்பகுதி மனைவியின் சகோதரி தாத்தியானாவுக்கு எழுதப்பட்டவை. புத்தகமும் மருந்தும் அனுப்பியவர், சிறை இருந்த தூரிக்கே வந்து சில காலம் தங்கியவர், குறிப்பேடுகளைக் காப்பாற்றியவர் அவர். கிராம்ஷி இறந்தது 1937-ல். தாத்தியானாவின் கடிதங்களையும் சேர்த்து, இருவர் எழுதியதும் எதிரெதிராக வரும்படி ஒரு பதிப்பு இத்தாலியில் வந்தது 1997-ல். அறுபது வருஷம் உலகம் ஒரு உரையாடலின் பாதியை மட்டும் படித்துக்கொண்டிருந்தது.

நம்மிடம் ஆட்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பேரறிவாளன் 1991 ஜூனில் கைதானார். 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் விடுவித்தது. அந்த முப்பத்தோரு வருஷத்தில் அற்புதம் அம்மாள் ஏறி இறங்கிய பஸ்களும் நின்ற வாசல்களும் தமிழர் எல்லோரும் அறிந்தவை. ஒரு இயக்கத்தின் முகமாக அவரை நாம் அறிந்தோம். அந்த வருஷங்களின் அன்றாடத்தை, ஒரு மனுவுக்கும் அடுத்த மனுவுக்கும் இடையிலான நாட்களை, ஒரு நாவலின் தளமாக எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

இதெல்லாம் சமூகவியல், இலக்கிய விமர்சனத்தில் இதற்கு என்ன வேலை என்று நம் வட்டத்து நண்பர் ஒருவர் ஏற்கெனவே என்னிடம் கேட்டுவிட்டார். பரிதாபத்தை எழுதச் சொல்கிறேன் என்று அவர் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. பரிதாபம் ஏராளமாக எழுதப்பட்டாயிற்று. அதில் கைதியின் மனைவி எப்போதும் அழுகிறாள், ஒருபோதும் யோசிப்பதில்லை. நான் கேட்பது வடிவத்தைப் பற்றிய கவனம். மனு, பட்டியல், பதிவேட்டில் தவறாக விழுந்த பெயர், அடுத்தவர் கையால் எழுதப்பட்ட கடிதம் ஆகியவை ஜனங்கள் புழங்கும் எழுத்து வடிவங்கள். அவற்றுக்குள் தேர்வு இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, யாருக்குக் கேட்கவேண்டும் யாருக்குக் கேட்கக்கூடாது என்ற கணக்கு இருக்கிறது. பாரதியின் கடலூர்க் கடிதத்தை நாம் சங்கடமில்லாமல் படிக்கக் கற்றுக்கொள்வதும் இந்த வழியில்தான் முடியும். அதைப் படிக்கும்போது கவர்னருக்கு எழுதப்பட்ட ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும், வெளியே அவர் வரவுக்குக் காத்திருந்த குடும்பம் ஒன்று உண்டு என்பதும் நம் காதில் விழவேண்டும்.

நம் பத்திரிகைக்கு 'சிறை' என்ற சொல்லோடு இனி வரும் கவிதையை நான் அந்தக் கூலிக்காரன் அனுப்பிய பதில் கடிதத்தின் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கப்போகிறேன். கவிதைக்கு இது நியாயமான அளவுகோலா என்று நண்பர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். எழுத்தறியாத ஒருவன் ஒரு பெயரைக் கேட்காமல் விட்டதில் இருந்த கவனத்தைவிடக் குறைந்த கவனத்தோடு எழுதப்பட்டதை நாம் ஏன் அச்சில் போடவேண்டும் என்று அவர்கள் எனக்குச் சொன்னால் போதும்.